காப்புத்தட்டில் ஒரு கட்டைவிரல்

நவம்பர் 6, புதன்

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். முள்ளங்கியை வகுப்பு தொடங்கும் முன்பே துருவி வைத்துவிட்டேன். துருவி வைத்தால் சாற்றின் காரம் போய்விடும். காரம் போன சாறு உலோகத்தில் ஒட்டிய எண்ணெய்ப் பசையை எடுக்காது. ஓகிசோ டீச்சர் கிண்ணத்தை மோந்து பார்த்துவிட்டு, "இது மீன் வறுவலுக்குத் தொட்டுக்க ஆகும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் கடைசி நிமிடத்தில்தான் துருவ வேண்டும்.

சமூகக்கூடத்தின் கூரை ஒழுகுவதால், இன்று முதல் எங்கள் எனாமல் மாலை வகுப்பு ககேய் ஐயா வீட்டின் பின்பக்கப் பட்டறையில் நடக்கிறது. சிப்போ ஸ்டேஷனில் சிவப்பு ரயிலை விட்டு இறங்கும்போதே இருட்டியிருந்தது. வீட்டு முற்றத்தில் பறிக்காமல் விட்ட பேரிப்பழங்கள் விழுந்து அழுகிப் புளித்த வாசனை. உள்ளே போனால் ஈரக்கரி வாசனை. அவருடைய முன்னோர்கள் எனாமல் வேலை செய்தவர்கள். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சூளையின் வாய் ஒரு தகரத்தால் மூடியிருந்தது. நாங்கள் பேசும்போது அந்தத் தகரம் லேசாக அதிர்ந்தது. காற்றாக இருக்கலாம்.

வகுப்பில் மற்றவர்கள் தோடும் பதக்கமும் செய்கிறார்கள். எனக்கும் சிகுசா அக்காவுக்கும் மட்டும் வேறு எண்ணம். டீச்சர் பகலில் ஒரு அருங்காட்சியகத்தின் பழுதுபார்க்கும் அறையில் வேலை செய்கிறார். வசந்த காலத்தில் அங்கே ஒரே ஒரு பயிற்சி இடம் வருகிறது. இருவருமே அதற்காகத்தான் இரண்டு குளிர்காலமாக இங்கே வந்துகொண்டிருக்கிறோம்.

டீச்சர் இன்று பாயின் மேல் ககேய் ஐயா வீட்டுப் பழைய பெட்டி ஒன்றை வைத்துத் திறந்தார். வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே வரும் காப்புத்தட்டு. நம் கை வழுக்கி நம் அலகின் மேலேயே போய்விடாமல் தடுப்பது அதுதான். உள்ளங்கை அகலம். செம்பில் சிறிது தங்கம் சேர்த்த உலோகம். அதில் தங்க இழையால் புல் நுனிகள்; ஒவ்வொரு நுனியிலும் எனாமலில் ஒரு பனித்துளி, இளம்பச்சை, உள்ளே விளக்கு இருப்பது போல. ஒரு துளியின் இடம் மட்டும் வெறும் குழி. நீலக்கருப்பாக இருக்க வேண்டிய தளம் செப்புச் சட்டியடி மாதிரி சிவப்பாகப் பளபளத்தது.

"என் மச்சான் வேலைம்மா" என்றார் ககேய் ஐயா. "புத்தாண்டுக்கு வந்தவன் குடிச்சிட்டு, பித்தளை பாலிஷ் போட்டுத் தேச்சிட்டான். எனக்கு உதவி பண்றானாம். இங்க இருந்த கறையும் அதோட போச்சு."

அலகு நுழையும் துளைக்குப் பக்கத்தைக் காட்டினார்.

"என்ன கறை?" என்றார் சிகுசா அக்கா.

"கட்டைவிரல். இதைச் செஞ்சவர் பேரு குஹெய். பிரபு வீட்டுல போய்ப் பெட்டியைத் தொறந்தா, கருப்புல ஒரு விரல் ரேகை. கூட வேலை செஞ்சவன் வேணும்னே வெச்சது. என்னோடது இல்லைன்னு இவரு சொன்னாரு, யாரும் நம்பல. உளியை எடுத்து அங்கயே தன் கட்டைவிரலை வெட்டி அந்த ரேகைக்குப் பக்கத்துல வெச்சாராம். ஒப்பிட்டுப் பாருங்கன்னு."

"பாத்தாங்களா?" என்று நான் கேட்டேன்.

"எங்க பாக்கறது? ஐயோ, பாயெல்லாம் ரத்தமாச்சேன்னு கத்திட்டுப் பெட்டியை மூடிட்டாங்க."

"பாவம். இப்பன்னா ஒரு போட்டோ எடுத்து அனுப்பிச்சிருப்பாரு" என்றார் சிகுசா அக்கா. மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

விடுபட்ட துளியைச் செய்து, தட்டுக்கு மறுபடி நிறமேற்றும் வேலையை டீச்சர் என்னிடம் கொடுத்தார். நான் பகலில் பல் ஆய்வகத்தில் செயற்கைப் பற்கள் செய்கிறேன். சின்னச் சூளை எனக்குப் பழக்கம் என்பதால் இருக்கலாம். "இது ஒழுங்கா வந்தா அந்த இடத்துக்கு உன் பேரைத்தான் சொல்லுவேன்" என்றார்.

எனக்கு முதலில் பயம்தான் வந்தது. சிகுசா அக்கா என் முதுகில் ஓங்கி அடித்தார். "மூஞ்சியைப் பாரு, தூக்குல போடப் போற மாதிரி! சம்பளம் வந்ததும் விலாங்குமீன் சோறு வாங்கித் தரணும், சொல்லிட்டேன்." அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் எனக்குத் தினமும் சாப்பாடு கட்டிக்கொடுத்தவர் அவர். அவர் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில் மிஞ்சியது என்று சொல்வார். மிஞ்சியது எதிலும் அவ்வளவு முட்டை இருக்காது.

நவம்பர் 13, புதன்

முறையாக எழுதப் பார்க்கிறேன். எங்கே தவறினேன் என்று தெரிய வேண்டும்.

பனித்துளியைத் தங்கக் கிண்ணியில் தனியாகச் சுட்டுக் குழியில் பதித்தேன். சரியாக உட்கார்ந்தது. தளத்தைக் கரிக்கட்டியால் தேய்த்துப் பாலிஷ் எல்லாவற்றையும் எடுத்தேன். கையுறை போட்டிருந்தேன். எச்சில் தெறித்தாலும் புள்ளியாக எழும்பும் என்பதால் வாயில் மடித்த காகிதத்தைக் கவ்விக்கொண்டிருந்தேன். அதற்கும் பிறகுதான் முள்ளங்கி துருவினேன். சாற்றைத் தடவும்போது கழுவ வெந்நீர் இல்லை என்று தெரிந்தது. அதை முன்பே பார்த்திருக்க வேண்டும்.

"நீ போய் எடுத்துட்டு வா, சாறு காயாம நான் பாத்துக்கறேன்" என்றார் சிகுசா அக்கா.

சமையலறைக்குப் போய் வந்தேன். கழுவினேன். செம்புக் கம்பியில் தொங்கவிட்டு நிறக்குளியலில் இறக்கினேன். மயில்துத்தமும் செம்புக் களிம்பும் கொதிக்கும் வாசனை, வாயில் காசை வைத்தது போல. தட்டு முதலில் ரோஜா நிறமானது. பிறகு பழுப்பு. பிறகு கத்தரிப்பூ நிறம். பிறகு அந்தக் கருப்பு வந்தது, நனைந்த காக்கைச் சிறகு போல.

கருப்பில் ஒரு முட்டை வடிவம் மட்டும் கருக்கவில்லை.

அதில் கோடுகள்.

துளைக்குப் பக்கத்தில், ஒரு முழுக் கட்டைவிரல்.

ஆவி கண்ணை மறைத்தது. அப்போது யாரோ என் வலது மணிக்கட்டைப் பிடித்தார்கள். டீச்சர் என்று நினைத்தேன். கை ஐஸ் போலச் சில்லிட்டிருந்தது. அது என் கையுறையை மெதுவாக உருவியது. கட்டைவிரலை வெளிச்சத்துக்குத் திருப்பியது. அவசரமே இல்லை. பார்த்தது. பிறகு விட்டுவிட்டது.

ஆவி விலகியபோது டீச்சர் சூளைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

என் மணிக்கட்டில் ஈரத்தடங்கள் இருந்தன. நான்கு விரல்கள். ஐந்தாவது இல்லை.

டீச்சர் தட்டைப் பார்த்தார். தரையில் கிடந்த கையுறையைப் பார்த்தார். "தொட்டேன்னு சொல்லிடு மினே. கை தவறுறது எல்லாருக்கும்தான். பொய் சொல்ற கையை மட்டும் அந்த அறைக்குள்ள விடமாட்டேன்."

"தொடல டீச்சர். என் விரலோட ஒப்பிட்டுப் பாருங்க."

"போதும்" என்று தட்டின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டார்.

அவர் கிண்ணங்களைக் கழுவப் போனபோது துணியை விலக்கி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். ரயிலில் சிகுசா அக்கா என் தோளில் கை போட்டிருந்தார். "பேசாம ஒத்துக்கோயேன். தெரியாம பட்டிருக்கும். நீயே அப்பப்ப குழம்புறவதானே." இருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. வீட்டுக்கு வந்து போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் ரேகை ஒரு பக்கமாகச் சாய்கிறது. போட்டோவில் இருந்தது சுழி.

நவம்பர் 15, வெள்ளி

மதிய இடைவேளையில் சிகுசா அக்கா ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். கடைத் தலைத்துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

"கூத்தைக் கேளு. என் போனே என்னைத் தெரியாதுங்குது." சிரித்தார். விரலைத் திரையில் அழுத்தி அழுத்திக் காட்டினார். போன் திறக்கவில்லை. "முட்டை உடைக்கறப்பவும் வழுக்குது. பாரு இதை."

பல் கடியைச் சரிபார்க்கும் நீலத்தாள் மேசையில் இருந்தது. அவர் கட்டைவிரலை அதில் ஒற்றி வெள்ளைத்தாளில் வைத்தேன். அழுத்தமான நீல முட்டை விழுந்தது. ஒரு கோடு இல்லை. தோலைத் தொட்டுப் பார்த்தேன். காயமும் இல்லை. கண்ணாடிபோல இருந்தது.

அவர் உட்கார்ந்துவிட்டார்.

"யாரோ என் கையைத் திருப்பித் திருப்பிப் பாக்கறாங்க மினே. குளிக்கறப்ப. பஸ்ல. கடையில சோறு அள்ளறப்ப. புதன்கிழமையிலேருந்து."

நீலத்தாளை மடித்து ஓரமாக வைத்தேன்.

"நான்தான் வெச்சேன்" என்றார். "நீ வெந்நீர் எடுக்கப் போனப்ப."

"ஏன்க்கா?"

"உனக்கு இந்தப் பல்லு வேலை இருக்கு. எனக்கு முப்பத்தேழு வயசாகுது. சாகற வரைக்கும் நான் கடையில ஆம்லெட் சுருட்டிட்டே இருக்கணுமா?" அழுதார். பிறகு என் கைகளைப் பிடித்துக்கொண்டார். "அதைத் தேச்சு எடுத்துடு. உன்னாலதான் முடியும். புதன்கிழமை எல்லார் முன்னாடியும் நானே டீச்சர்கிட்ட சொல்றேன். உங்கம்மா மேல சத்தியம்."

அம்மாவைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அந்தப் போட்டோவும் வேண்டாம் மினே. அது உன் போன்ல இருக்குன்னு நெனச்சாலே விரல் எரியுது."

அவர் பார்க்கும்போதே அழித்தேன். சாட்சி வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தேன்தான். அவர்தான் சொல்லப் போகிறாரே என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

மறுபடி நிறமேற்ற டீச்சர் போனில் அனுமதி கொடுத்தார். குரல் வறண்டிருந்தது. காலையிலேயே போனேன். நல்ல வெயில். ககேய் ஐயா முற்றத்தில் பேரிப்பழங்களைத் தோல் சீவி உலர்த்தக் கயிற்றில் கட்டிக்கொண்டு ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பயப்பட ஒன்றுமே இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு பட்டறைக்குள் உட்கார்ந்தேன்.

தட்டைப் பலகையில் வைத்தேன். கரிக்கட்டியை நீரில் நனைத்துத் தேய்த்தேன். சுற்றிலும் இருந்த கருப்பு உடனே கரைந்தது. ரேகை கரையவில்லை. இன்னும் தெளிவானது.

முற்றத்துப் பாட்டு நின்றுவிட்டது.

என் கழுத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மூச்சு வந்து உலோகத்தின் மேல் படிந்தது. நான் வாயில் காகிதத்தைக் கவ்வியிருந்தேன். அது என் மூச்சு இல்லை. தட்டு முழுவதும் மங்கியது, அந்த ரேகையைத் தவிர.

"பாரு."

குரல் என்று சொல்ல முடியாது. மெல்லிய தகடு அசைவது போல இருந்தது.

"ஒப்பிட்டுப் பாரு."

வலது பக்கம், பலகையின் மேல், ஏதோ ஒன்று வைக்கப்பட்டது. கனமில்லாதது. ஈரமானது. அது பலகையைத் தொட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

என்னவென்று எனக்குத் தெரியும்.

நான் பார்க்கவில்லை.

கண்ணை இறுக மூடிக்கொண்டு தேய்த்தேன். அக்காவை நினைத்துக்கொண்டு தேய்த்தேன், முட்டை வைத்த சாப்பாட்டுப் பெட்டிகளை நினைத்துக்கொண்டு. மூடிய கண்ணுக்கு முன்னால் யாரோ காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கோபமாக இல்லை. எதையோ கொண்டுவந்து நீட்டிவிட்டு, வாங்குவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பவரைப் போல. உள்ளங்கை எரியும்வரை நிறுத்தவில்லை.

கண்ணைத் திறந்தபோது ரேகை இல்லை. பலகையிலும் எதுவும் இல்லை. கரிநீர் கருப்பாகத்தான் இருக்க வேண்டும். கிண்ணத்தில் இருந்தது செம்பழுப்பு.

ககேய் ஐயா கதவருகே நின்றிருந்தார். "யாரும்மா உள்ள பேசிட்டிருந்தது? உன் வாயிலதான் காகிதம் இருக்கே."

நிறக்குளியல் இந்த முறை பிசகாமல் வந்தது. கருப்பில் புல்லும் பனியும் மட்டும்.

நவம்பர் 20, புதன்

வாசலிலேயே சிகுசா அக்கா போனைத் தூக்கிக் காட்டினார். விரலை வைத்ததும் திறந்தது. "பாத்தியா! என்னை அடையாளம் தெரிஞ்சிடுச்சு." அவர் கன்னத்தில் நிறம் திரும்பியிருந்தது. என் பையில் வறுத்த கஷ்கொட்டைப் பொட்டலம் ஒன்றைத் திணித்தார்.

டீச்சர் தட்டை விளக்கின் கீழ் வெகுநேரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "வேலை சுத்தம்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இப்பவாவது சொல்லு. அன்னிக்குத் தொட்டது யாரு?"

நான் அக்காவைப் பார்த்தேன். எல்லோரும் இருந்தார்கள். அவர் சொல்வதாகச் சொன்ன நேரம் இதுதான்.

"டீச்சர், அவளைத் திட்டாதீங்க" என்றார் சிகுசா அக்கா. அவ்வளவு அன்பான குரல். "சின்னப் பொண்ணு. பயந்துட்டா. தான்தான் தொட்டேன்னு என்கிட்ட அன்னிக்கே அழுதுட்டா. அதான் ஞாயித்துக்கிழமை ஓடி வந்து தேச்சிருக்கா. இல்லன்னா எதுக்கு அவ்வளவு அவசரம்?"

அவர் கை என் முதுகில் இருந்தது. வெதுவெதுப்பாக, மெதுவாகத் தடவிக்கொடுத்தபடி.

"இல்ல டீச்சர். அக்காதான். வெள்ளிக்கிழமை எங்கிட்ட சொன்னாங்க. என் விரலை ஒப்பிட்டு…"

"எதோட ஒப்பிடறது?" என்றார் டீச்சர்.

ரேகையை நான்தான் தேய்த்துவிட்டேனே.

ககேய் ஐயா மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தேநீர்க் கெண்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். டீச்சர் தட்டைப் பட்டுத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து மூடினார். சாப்பாட்டுக் கடை வேலையை விட எப்போது முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று சிகுசா அக்காவிடம் கேட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மினேவுக்கு அடுத்த வருஷம் கெடைக்கும் இல்லையா டீச்சர்?" என்றார்.

ரயிலில் தனியாக வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. மூடிய பெட்டியின் முன்னால் ரத்தம் சொட்ட உட்கார்ந்திருந்த ஒருவரை நினைத்துக்கொண்டே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் இன்னொரு முறை கேட்டார். என்னிடம் கேட்டார். நானும் பார்க்கவில்லை.

நவம்பர் 21, வியாழன்

ஆய்வகத்தில் இன்று வேலை குறைவு. என் ரேகை எப்படி இருக்கும் என்பதையாவது டீச்சரிடம் காட்டலாம் என்று தோன்றியது. பயனில்லை என்று தெரியும். இருந்தாலும் இளஞ்சிவப்பு மெழுகுத் தகடு ஒன்றை வெந்நீரில் இளக்கி, வலது கட்டைவிரலை அதில் அழுத்தினேன். மேசையில் ஆற வைத்துவிட்டு, செய்து முடித்த செயற்கைப் பற்களைக் கழுவப் போனேன். தொட்டி அதே அறையில்தான் இருக்கிறது. யாரும் உள்ளே வரவில்லை.

திரும்பி வந்தபோது மெழுகில் இரண்டு விரல்கள் இருந்தன.

என்னுடையதற்குப் பக்கத்தில், உரசாமல், நேராக. என்னுடையதைவிடப் பெரியது. நுனியில் உளி பிடித்துக் காய்த்த மேடு. என் தடம் கீழே போகப் போக மங்கி மெழுகில் கலந்துவிடுகிறது. அதன் தடம் கலக்கவில்லை. அடியில் ஒரே நேர்கோட்டில் நின்றுவிடுகிறது.

இந்த முறை பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பார்த்தேன். யாரோ என் தோளுக்கு மேல் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. கடைசிக் கோட்டைப் பார்த்து முடித்ததும் அந்த மூச்சு வெளியே வந்தது. மெழுகு மங்கியது.

மெழுகை ஈரத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சாப்பிட்டேன். பாத்திரம் கழுவினேன். டைரியைத் திறந்தேன். முதல் வரியை எழுதும்போதே மணிக்கட்டில் அந்தக் குளிர் வந்தது. நான்கு விரல்கள். பேனா விழுந்தது. என் கட்டைவிரல் விளக்கை நோக்கித் திரும்பியது.

அன்று பார்த்தார், விட்டுவிட்டார்.

இன்று இன்னும் விடவில்லை.

இந்தப் பக்கத்தின் மீதியை இடது கையால் எழுதுகிறேன். அதனால்தான் எழுத்து இப்படி இருக்கிறது.

நாளை செய்ய வேண்டியது: மெழுகை அழிக்காமல் அப்படியே அச்சில் வைத்து, இரண்டு விரல்களையும் உலோகத்தில் வார்த்து, என் விரலோடு ஒப்பிட்டுப் பார்க்க டீச்சர் முன்னால் வைக்க வேண்டும். ரம்பத்துக்குப் புது அலகு வாங்க வேண்டும். பழையது மழுங்கிவிட்டது.